அக்கிலீஸின் கோபம் எதைப் பற்றியது?

இலியட் காவியத்தை முதன்முறையாகப் படிப்பவர்களும், 2004-இல் வந்த ‘டிராய்’ திரைப்படத்தின் வழியாகக் கதையைத் தெரிந்துகொண்டவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கிரேக்கப் படையின் முதல் வீரன் அக்கிலீஸ். அவனுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சிறைப்பெண்ணைப் படைத்தலைவன் அகமெம்னான் எடுத்துக்கொள்கிறான். அக்கிலீஸ் போரிலிருந்து விலகித் தன் குடிலில் போய் உட்கார்ந்துவிடுகிறான். ஒன்றாகக் கப்பலேறி வந்த தோழர்கள் கூட்டம் கூட்டமாக மடிகிறார்கள். அவன் அசையவில்லை. இவனையா மாவீரன் என்கிறார்கள்?

திரைப்படம் இதற்குக் காதல் என்று பதில் சொல்கிறது. அவசரமாகப் படிப்பவர்கள் ஆணவம் என்கிறார்கள். இரண்டுமே காவியத்துக்கு முன்னால் நிற்பதில்லை. பிரிசெயிஸ் என்ற அந்தப் பெண்ணைத் தான் மனமார நேசித்ததாக ஒன்பதாம் படலத்தில் அக்கிலீஸ் சொல்வது உண்மைதான். ஆனால் பத்தொன்பதாம் படலத்தில், அவளைச் சிறைபிடித்த நாளிலேயே ஆர்ட்டமிஸ் தேவி அவளை அம்பெய்து கொன்றிருக்கக் கூடாதா, இத்தனை பேர் மாண்டிருக்க மாட்டார்களே என்று அவனே சொல்கிறான். காதலுக்காகப் போரை உதறியவன் இப்படிப் பேச மாட்டான். ஆணவம்தான் காரணம் என்றால், அகமெம்னான் பரிசுகளை மலைபோல் குவித்துத் தூது அனுப்பியபோது அது தணிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவன் கோபம் இன்னும் ஆழமாகிறது.

ஹோமரின் உலகில் மரியாதை எப்படிப் பங்கிடப்பட்டது, புகழ் எங்கிருந்து வந்தது, இந்த இரண்டுக்கும் இடையே இருந்த உறவு என்ன என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கோபம் விளங்கும். அது விளங்காவிட்டால், ஏறத்தாழ 15,700 வரிகள் கொண்ட ஒரு காவியம் ஒரு பிடிவாதக்காரனின் கதையாகச் சுருங்கிவிடும்.

சண்டை தொடங்கும் இடத்தை நிதானமாகப் பார்ப்போம். போரின் பத்தாம் ஆண்டு. அப்பல்லோவின் பூசாரி கிரிசெஸ், சிறைப்பட்ட தன் மகளை மீட்க நிறையப் பொருளுடன் கிரேக்கர் பாசறைக்கு வருகிறார். பூசாரிக்கு மரியாதை செய்து பொருளை வாங்கிக்கொள்ளலாம் என்று படை முழுவதும் குரல் கொடுக்கிறது. அவருடைய மகள் அகமெம்னானின் பங்குக்கு வந்தவள். அவன் கிழவரை மிரட்டி விரட்டுகிறான். அப்பல்லோவின் சினம் கொள்ளைநோயாக இறங்குகிறது. முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும், பிறகு மனிதர்களும் சாகிறார்கள். ஒன்பது நாள் பிணங்கள் எரிகின்றன. பத்தாம் நாள் சபையைக் கூட்டுபவன் அக்கிலீஸ். தலைவன் செய்திருக்க வேண்டிய வேலையை அவன் செய்கிறான்.

நோயின் காரணம் தெரிந்ததும் பெண்ணைத் திருப்பி அனுப்ப அகமெம்னான் இசைகிறான். ஆனால் அவளுக்கு ஈடாக வேறொரு பரிசு உடனே வேண்டும் என்கிறான். இதை வெறும் பேராசை என்று தள்ளிவிடக் கூடாது. கிரேக்கர் அத்தனை பேரிலும் தான் ஒருவன் மட்டும் பங்கில்லாமல் நிற்பது தகுமா என்பதுதான் அவன் வாதம். அந்தச் சபையில் அது பொருளுள்ள வாதம். அதற்கு அக்கிலீஸ் சொல்லும் பதிலும் அதே அளவு பொருளுள்ளது: பொதுவில் எதுவும் மீதம் இல்லை, ஊர்களைச் சூறையாடிக் கொண்டுவந்ததெல்லாம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, கொடுத்ததைத் திரும்ப வசூலிப்பது முறையல்ல, டிராய் வீழ்ந்தால் மூன்று மடங்கு, நான்கு மடங்காக ஈடு செய்வோம்.

இந்த உரையாடலில் ஹோமரின் மரியாதை எப்படி இயங்குகிறது என்பது முழுவதும் தெரிந்துவிடுகிறது. மானம், கௌரவம் என்றெல்லாம் நாம் சொல்லும்போது மனத்துக்குள் இருக்கும் ஒன்றை நினைக்கிறோம். அந்த வீரர்களுக்கு மரியாதை வெளியே இருப்பது, கண்ணால் பார்க்கக்கூடியது, எண்ணக்கூடியது. சூறைப்பொருளில் எல்லோருக்கும் பங்கு உண்டு. அதற்கு மேலே, சிறந்தவனுக்கென்று படை எடுத்துவைக்கும் தனிப் பங்கு ஒன்று உண்டு. அதை மரியாதைப் பங்கு என்று சொல்லலாம். அது ஒரு பெண்ணாகவோ, முக்காலிக் கொப்பரையாகவோ, குதிரையாகவோ இருக்கலாம். அந்தப் பொருளின் விலையைவிட, அதை யார் யார் முன்னால் கொடுத்தார்கள் என்பதே பெரிது. பத்துப் பேர் அறியக் கொடுத்ததை ஒருவன் பத்துப் பேர் அறியப் பறித்தால், கொடுத்தவர்களின் தீர்ப்பையும் சேர்த்தே ரத்து செய்கிறான். பிரிசெயிஸை அகமெம்னான் எடுத்துக்கொண்டபோது நடந்தது அதுதான். நான் உன்னைவிட எவ்வளவு பெரியவன் என்று உனக்குத் தெரியட்டும், இனி வேறு யாரும் எனக்குச் சமமாகப் பேசத் துணியாதிருக்கட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அதைச் செய்கிறான்.

அந்தச் சபையில் இன்னொன்றும் நடக்கிறது, அல்லது நடக்காமல் போகிறது. நெஸ்டர் என்ற முதியவர் மட்டும் எழுந்து இருவரையும் சமாதானப்படுத்தப் பார்க்கிறார். மற்றபடி, அந்தப் பெண்ணை அக்கிலீஸுக்குக் கொடுத்த படையில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. அக்கிலீஸ் வாளை உருவத் தொடங்குகிறான். அதீனா தேவி பின்னால் வந்து தலைமுடியைப் பிடித்து நிறுத்துகிறாள். பேசுகிறவன் கையில் பிடிக்கும் கோலை அவன் எடுத்து, மலையில் வெட்டப்பட்டு இலையும் பட்டையும் உரிக்கப்பட்ட இந்தக் கட்டை இனி துளிர்க்காது என்று சுட்டிக்காட்டி, அதன்மேல் ஆணையிட்டுவிட்டு, பொன்னாணி பதித்த அந்தக் கோலைத் தரையில் வீசுகிறான். நீதி சொல்பவர்கள் ஏந்தும் கோல் அது. அவன் பகை அகமெம்னானோடு மட்டும் இல்லை என்று என்னைப் போன்ற வாசகர்களை நம்பவைப்பது இந்தச் செய்கைதான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்த படைமீதும் அவனுக்குக் கோபம். பின்னால் அந்தப் படை சாகும்போது அவன் இளகாததற்கு வேர் இங்கே இருக்கிறது.

ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர், 1994-இல் அக்கிலீஸையும் அந்த வீரர்களையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். மேலதிகாரி ஒருவர் எல்லோரும் நியாயம் என்று ஏற்றிருந்ததை மீறி நடந்துகொள்ளும்போது போர்வீரனின் மனம் எப்படி உடைகிறது, அவன் அக்கறையின் வட்டம் எப்படி ஓரிரு தோழர்களாகச் சுருங்குகிறது என்பதை அவர் தம் நோயாளிகளிடம் கண்டார். இலியட்டின் முதல் படலம் அவருக்கு அதன் துல்லியமான விவரிப்பாகத் தெரிந்தது. அந்த வாசிப்பு எல்லா இடத்திலும் பொருந்துகிறதோ இல்லையோ, அக்கிலீஸின் கோபத்தைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் அதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரியாதை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை மிகத் தெளிவாகச் சொல்பவன் எதிரணியில் இருக்கிறான். லிசியா நாட்டு அரசன் சார்பெடான், ஜீயஸின் மகன், டிராய்க்குத் துணையாக வந்தவன். பன்னிரண்டாம் படலத்தில், கிரேக்கர் பாசறையின் மதிலைத் தாக்கும் முன் தோழன் கிளாக்கஸிடம் அவன் ஒரு கேள்வி கேட்கிறான். நம் ஊரில் நமக்கு ஏன் முதல் இருக்கை, நல்ல இறைச்சித் துண்டு, நிரம்பிய மதுக்கிண்ணம்? சாந்தஸ் ஆற்றங்கரையில் தோப்பும் கோதுமை வயலுமாக ஏன் நமக்கு நிலம்? அதனால்தான் இப்போது நாம் முன்வரிசையில் நின்றாக வேண்டும், உட்கார்ந்து தின்கிறவர்கள் என்று ஊரார் சொல்லக் கூடாது என்கிறான். இதுவரை அது ஓர் ஒப்பந்தம். ஊர் உணவும் நிலமும் தருகிறது, அரசன் உடலைத் தருகிறான்.

அதோடு அவன் நிறுத்தவில்லை. இந்தப் போரிலிருந்து தப்பினால் மூப்பும் சாவும் இல்லாமல் இருப்போம் என்றால், நானும் முன்னணியில் நிற்க மாட்டேன், உன்னையும் போகச் சொல்ல மாட்டேன் என்கிறான். எப்படியும் சாகத்தான் போகிறோம், ஆயிரம் வழிகளில் சாவு காத்திருக்கிறது, அதனால் போவோம், நாம் ஒருவனுக்குப் புகழ் தருவோம் அல்லது ஒருவன் நமக்குத் தருவான் என்பது அவன் முடிவு. வீரம் என்றால் சாவுக்கு அஞ்சாமை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சார்பெடான் சாவைக் கணக்கில் முழுசாக எடுத்துக்கொள்கிறான். சாவு இருப்பதால்தான் புகழுக்கு விலை. இலியட்டின் தேவர்கள் சண்டையில் காயம்படுகிறார்கள், அழுகிறார்கள், மலைக்குத் திரும்பி மருந்திட்டுக்கொண்டு விருந்துண்கிறார்கள். அவர்களில் ஒருவரும் வீரராக முடியாது. இழப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. சார்பெடான் நான்கு படலங்கள் கழித்து, அக்கிலீஸின் உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸ் கையால் இறக்கிறான். மகனைக் காப்பாற்ற முடியாத ஜீயஸ் ரத்தத்துளிகளை மழையாகப் பெய்கிறான்.

இந்த ஒப்பந்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் படலத்துக்கு வந்தால், அக்கிலீஸின் மறுப்பு புரியத் தொடங்கும்.

கிரேக்கர் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். அகமெம்னான் தன் தவறை ஒப்புக்கொண்டு ஈடு அறிவிக்கிறான்: நெருப்பில் ஏறாத 7 முக்காலிகள், 10 தாலந்து பொன், 20 கொப்பரைகள், பந்தயம் வென்ற 12 குதிரைகள், லெஸ்போஸ் தீவின் 7 பெண்கள், தீண்டவில்லை என்ற சத்தியத்தோடு பிரிசெயிஸ். டிராய் வீழ்ந்தால் கப்பல் நிறையப் பொன், 20 பெண்கள், ஊர் திரும்பினால் தன் மூன்று மகள்களில் ஒருத்தி, சீதனமாக 7 ஊர்கள். பட்டியலின் கடைசியில் ஒரு வாசகம் சேர்க்கிறான். அவன் எனக்கு அடங்கட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன், வயதிலும் மூத்தவன்.

தூது போனவர்கள் மூவர்: ஒடிசியஸ், அஜாக்ஸ், அக்கிலீஸை மடியில் வைத்து வளர்த்த ஃபீனிக்ஸ். ஒடிசியஸ் பட்டியலை ஏறத்தாழ வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிக்கிறான். கடைசி வாசகத்தை மட்டும் விட்டுவிடுகிறான். அதைச் சொன்னால் எல்லாம் கெடும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அக்கிலீஸ், மனத்தில் ஒன்றை மறைத்து வாயால் ஒன்றைச் சொல்பவனைப் பாதாளத்தின் வாசலைப் போல வெறுக்கிறேன் என்றே பதிலைத் தொடங்குகிறான். விடப்பட்ட வாசகம் அவன் காதில் விழாமலே விழுந்துவிட்டது. அந்தப் பரிசுகளை வாங்கிக்கொண்டால் அவன் அகமெம்னானின் மருமகன், அகமெம்னான் கொடுத்த ஊர்களை ஆள்பவன். கொடுக்கும் கை எப்போதும் மேலே இருக்கும். முதல் படலத்தில் எந்த உயர்வு தாழ்வைப் பற்றிச் சண்டை நடந்ததோ, அதைப் பரிசுகள் நிரந்தரமாக்கிவிடும்.

அக்கிலீஸ் இதற்கும் கீழே போகிறான். பின்னால் நின்றவனுக்கும் முழுமூச்சாகப் போரிட்டவனுக்கும் ஒரே பங்குதான், கோழைக்கும் வீரனுக்கும் ஒரே மரியாதைதான் என்கிறான். கடல் வழியே 12 ஊர்களையும் நிலத்தில் 11 ஊர்களையும் வென்று கொண்டுவந்த பொருளையெல்லாம் அகமெம்னானிடம் ஒப்படைத்தேன், கப்பலருகே உட்கார்ந்திருந்த அவன் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டு நிறைய வைத்துக்கொண்டான் என்கிறான். சார்பெடான் சொன்ன ஒப்பந்தம் இங்கே உடைந்து கிடக்கிறது. உடலைத் தருபவனுக்கும் தராதவனுக்கும் ஒரே கூலி என்றால், உடலைத் தருவது எதற்கு? மாட்டையும் ஆட்டையும் கவர்ந்து வரலாம், முக்காலியை வாங்கலாம், போன உயிரை எதைக் கொடுத்தும் மீட்க முடியாது. இந்த இடத்தில்தான் தாய் தெதிஸ் தனக்குச் சொன்ன இரண்டு விதிகளை அவன் வெளியிடுகிறான். இங்கேயே நின்று போரிட்டால் வீடு திரும்பல் இல்லை, அழியாப் புகழ் உண்டு. வீடு திரும்பினால் புகழ் இல்லை, நீண்ட ஆயுள் உண்டு.

இலியட் முழுவதிலும் மரியாதையும் புகழும் வேறுவேறு என்பது இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் தெரியவில்லை. மரியாதை உயிரோடு இருக்கும்போது கிடைப்பது. தோழர்கள் தருவது, தோழர்களே பறிக்கவும் கூடியது. கிரேக்கர் அதைத் தீமே என்றார்கள். புகழ், அவர்கள் சொல்லில் கிளெயோஸ், செத்த பிறகும் நிற்பது. அதைத் தருபவன் அரசன் அல்லன், பாடுகிறவன். சாதாரணமாக முதலாவது இரண்டாவதற்கு வழி. மரியாதை பெற்றவன் போரிடுகிறான், போரிட்டவன் பாடப்படுகிறான். இந்தச் சங்கிலி அறுந்துபோன ஒருவனை ஹோமர் நம் முன் நிறுத்துகிறார். அகமெம்னான் தரும் மரியாதை அவனுக்கு வேண்டாம். ஆனால் அது இல்லாமல் புகழுக்குப் போகும் பாதையும் அவனுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அவன் கிளம்பிப் போகவில்லை. ஒடிசியஸிடம் நாளைக் காலையில் கப்பலேறுவேன் என்கிறான். ஃபீனிக்ஸ் அழுது பேசிய பிறகு, போவதா இருப்பதா என்று காலையில் முடிவு செய்வோம் என்கிறான். அஜாக்ஸ் அதிகம் பேசத் தெரியாதவன். மகனைக் கொன்றவனிடம்கூட ஈடு வாங்கிக்கொண்டு மனிதர்கள் சமாதானமாகிறார்கள், நீ ஒரு பெண்ணுக்காகத் தோழர்களின் அன்பையே மறந்துவிட்டாய் என்று மட்டும் சொல்கிறான். அவனிடம்தான் அக்கிலீஸ், டிராய்ப் படைத்தலைவன் ஹெக்டர் என் கப்பல்கள் வரை வந்தால் எழுவேன் என்கிறான். பரிசுப் பட்டியலால் ஓரடிகூட நகராதவனை நட்பின் பெயரால் பேசிய குறுகிய பேச்சு நகர்த்துகிறது.

தூதர்கள் உள்ளே நுழையும்போது அக்கிலீஸ் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் ஊரைச் சூறையாடியபோது எடுத்த யாழை மீட்டி, பழைய வீரர்களின் புகழைப் பாடிக்கொண்டிருந்தான். எதிரே பாட்ரோக்ளஸ் அவன் முடிப்பதற்காகக் காத்திருந்தான். போரை விட்டவன் பாணனாகியிருக்கிறான். வேறொருவன் தன்னைப் பாட வேண்டியவன், பிறரைப் பாடுகிறான்.

புகழ் பாட்டில்தான் வாழ்கிறது என்பது அந்த உலகில் அலங்காரப் பேச்சில்லை. எழுத்தில் வரும் முன்பே இந்தக் கதைகள் பல தலைமுறைகளாக வாய்வழியே பாடப்பட்டவை. இதை நிறுவ, மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை அன்றைய யூகோஸ்லாவியாவின் கிராமங்களில் பாடகர்களைப் பதிவு செய்தார். அவர்களில் ஆவ்தோ மெஜெதோவிச் என்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், 12,000 வரிகளுக்கு மேல் நீளும் ஒரு பாட்டைச் சொன்னார். ஹோமர் அளவு நீளமான பாட்டு வாய்வழி மரபில் சாத்தியமே என்று அது காட்டியது. இந்த ஆய்வுமுறை தமிழுக்கும் வந்தது. இலங்கையின் க. கைலாசபதி, கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு 1968-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அதன் பயன். அவருடைய முடிவுகளோடு வேறுபட்டவர்கள் உண்டு. ஆனால் பாணனையும் புரவலனையும் புகழையும் ஒரே அமைப்பின் உறுப்புகளாகப் பார்க்கக் கற்றுத் தந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மரியாதையும் புகழும் ஒரு நல்ல மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அக்கிலீஸைவிட ஹெக்டர் கடினமான உதாரணம். ஆறாம் படலத்தில் மனைவி ஆண்ட்ரோமகி அவனிடம் அழுவதோடு நிற்கவில்லை. போர்த்திட்டமும் சொல்கிறாள்: அத்திமரத்தருகே மதில் பலவீனமாக இருக்கிறது, படையை அங்கே நிறுத்து. ஹெக்டரால் ஏற்க முடியவில்லை. டிராய் ஆண்களின் முன்னும் பெண்களின் முன்னும் வெட்கப்படுவேன் என்கிறான். நகரம் அழியப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். அவள் அடிமையாகத் தண்ணீர் சுமக்கப்போவதை நினைத்துத்தான் அதிகம் வலிக்கிறது என்கிறான். ஆனால் அந்தக் கற்பனையிலும், தண்ணீர் சுமக்கும் அவளைப் பார்த்து யாரோ ஒருவன், இவள் ஹெக்டரின் மனைவி, டிராய் வீரரில் அவனே சிறந்தவன் என்று சொல்வதுபோல் வருகிறது. மனைவியின் கண்ணீருக்குள்ளும் தன் புகழ் பேசப்படுவதை அவன் கேட்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புகழை நாடும் வளர்ப்பு எவ்வளவு ஆழமாக உள்ளே இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பதினெட்டாம் படலத்தில், அக்கிலீஸ் எழுந்துவிட்டான், இன்றிரவே கோட்டைக்குள் போய்விடுவோம் என்று தோழன் பாலிடமாஸ் எச்சரிக்கிறான். ஹெக்டர் மறுக்கிறான். மறுநாள் படை சிதைகிறது. இருபத்திரண்டாம் படலத்தில் கோட்டை வாயிலுக்கு வெளியே அவன் தனியே நிற்கிறான். மதில்மேல் தாயும் தந்தையும் கதறுகிறார்கள். உள்ளே போகலாம், கதவு திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே போனால் பாலிடமாஸ்தான் முதலில் குத்திக்காட்டுவான், என்னைவிட எளியவன் ஒருவன்கூட, தன் வலிமையை நம்பி மக்களை அழித்தவன் என்று சொல்வான் என்று யோசிக்கிறான். தன் மக்களைக் காக்க ஒருவனை முன்வரிசையில் நிறுத்திய அதே வெட்கம், அந்த மக்களுக்கு அவன் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அவனை வெளியே நிறுத்திச் சாகடிக்கிறது. ஈ. ஆர். டாட்ஸ் என்ற அறிஞர் 1951-இல் ஹோமரின் சமூகத்தை வெட்கத்தால் ஆளப்படும் பண்பாடு என்று விவரித்தார். அதை உள்மனச் சாட்சி இல்லாத, ஊர்வாய்க்கு மட்டும் அஞ்சிய மக்கள் என்று எளிதாகப் புரிந்துகொண்டவர்கள் பலர். ஹெக்டர் அஞ்சும் குரல் ஊராருடையதாக இருக்கலாம். ஆனால் அந்தக் குரல் சொல்வது உண்மை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். தன் அவசரத்தால் மக்களை அழித்தேன் என்பது அவன் சொந்தத் தீர்ப்பு.

கதையில் சற்றுப் பின்னோக்கிப் போவோம். பாட்ரோக்ளஸ் ஹெக்டர் கையால் இறந்த பிறகு அக்கிலீஸ் போருக்குத் திரும்புகிறான். அகமெம்னானின் பரிசுகள் வருகின்றன. அக்கிலீஸுக்கு இப்போது அவற்றில் அக்கறையே இல்லை, கொடு அல்லது வைத்துக்கொள் என்கிறான். ஒடிசியஸ் விடவில்லை. எல்லாவற்றையும் சபை நடுவே கொண்டுவந்து வைக்க வேண்டும், கிரேக்கர் அனைவரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறான். வாங்குபவனுக்கு வேண்டாம் என்றாலும் பார்ப்பவர்களுக்கு அது வேண்டும். சபையில் பறித்ததைச் சபையில் கொடுத்தால்தான் கணக்குத் தீரும்.

அந்தப் பரிசுகளோடு பிரிசெயிஸும் வருகிறாள். இதுவரை அவள் வாய் திறக்கவில்லை. இப்போது பாட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து அழுகிறாள். தன் கணவனும் மூன்று சகோதரர்களும் ஒரே நாளில் கொல்லப்பட்டதையும், அப்போது தன்னை அழவிடாமல் தேற்றியவன் பாட்ரோக்ளஸ் என்பதையும் சொல்கிறாள். கணவனைக் கொன்றவன் அக்கிலீஸ். சுற்றி நின்ற மற்றச் சிறைப்பெண்களும் பாட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து, அவரவர் துயரத்துக்காக அழுதார்கள் என்று ஹோமர் சேர்க்கிறார். மரியாதைப் பங்கு என்ற பெயரில் கைமாறிக்கொண்டிருந்தது ஒரு மனுஷி என்பதைப் பத்தொன்பது படலங்களாக மறந்திருந்த வாசகரை அவர் திரும்பிப் பார்க்க வைக்கிறார். அவரைப் போரின் துதிபாடகர் என்பவர்கள் இந்த வரிகளைக் கடந்துதான் அதைச் சொல்ல வேண்டும்.

இருபத்து மூன்றாம் படலத்தைப் பலர் விளையாட்டு விழா என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது காவியத்தின் திறவுகோல். பாட்ரோக்ளஸின் ஈமச்சடங்கில் போட்டிகளை நடத்துபவன் அக்கிலீஸ். பரிசுகள் அவன் சொந்தக் கப்பல்களிலிருந்து வருகின்றன. தேரோட்டத்தில் முதல் பரிசு கைவேலை தெரிந்த ஒரு பெண்ணும் 22 அளவை கொள்ளும் முக்காலியும், இரண்டாவது கோவேறு கழுதைக் குட்டியை வயிற்றில் சுமக்கும் ஆறு வயதுப் பெண்குதிரை. ஆட்டத்தில் சிறந்தவனான யூமீலஸின் நுகத்தடியை அதீனா முறித்துவிட, அவன் கடைசியில் வருகிறான். இரக்கப்பட்ட அக்கிலீஸ் இரண்டாம் பரிசை அவனுக்குக் கொடுக்கலாம் என்கிறான். கூட்டம் ஆமோதிக்கிறது. இரண்டாவதாக வந்த இளைஞன் அன்டிலோகஸ் எழுந்து எதிர்க்கிறான். என் பரிசைப் பறிக்காதே, அவனுக்குத் தர வேண்டும் என்றால் உன் குடிலில் பொன்னும் ஆடும் குதிரையும் இருக்கின்றன, அதிலிருந்து கொடு, இந்தக் குதிரையை விட மாட்டேன், வேண்டுமென்பவன் என்னோடு மோதட்டும்.

சபை, தலைவன், ஒருவன் வென்ற பரிசை இன்னொருவனுக்கு மாற்றும் எண்ணம், எதிர்த்து எழும் இளைஞன், மோதத் தயார் என்ற அறைகூவல். முதல் படலம் அப்படியே திரும்ப வந்துவிட்டது. இப்போது அகமெம்னானின் இடத்தில் அக்கிலீஸ் இருக்கிறான். அவன் புன்னகைக்கிறான். இலியட் முழுவதிலும் அவன் புன்னகைப்பது இங்கே மட்டும்தான். அன்டிலோகஸ் சொன்னபடியே தன் பொருளிலிருந்து ஒரு வெண்கல மார்புக்கவசத்தை எடுத்து யூமீலஸுக்குக் கொடுக்கிறான். பிறகு, அன்டிலோகஸ் தன்னைக் குறுகிய வழியில் தந்திரமாக முந்தினான் என்று அகமெம்னானின் தம்பி மெனலாஸ் வழக்குக் கொண்டுவருகிறான். இளைஞன் பணிந்து குதிரையை விட்டுக்கொடுக்கிறான். மெனலாஸ் மனம் இளகி அதைத் திருப்பித் தருகிறான். யாருக்கும் போகாமல் மிஞ்சிய ஐந்தாம் பரிசைப் போட்டியில் கலந்துகொள்ளாத கிழவர் நெஸ்டருக்கு அக்கிலீஸ் கொண்டுபோய்க் கொடுக்கிறான். கடைசியில் ஈட்டி எறிய அகமெம்னான் எழுந்ததும், உன் திறமை எல்லோருக்கும் தெரியும் என்று போட்டியே இல்லாமல் கொப்பரையை அவனுக்குக் கொடுத்துவிடுகிறான். ஒரு சபையில் மரியாதையை எப்படிப் பங்கிட வேண்டும் என்பதைச் செய்தே காட்டிவிட்டான்.

அதே கைகள் அந்த நாட்களில் ஹெக்டரின் பிணத்தைத் தேரில் கட்டிப் பாட்ரோக்ளஸின் சமாதியைச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. தோழர்களிடையே நியாயம் திரும்பிவிட்டது. எதிரிக்கு இன்னும் இல்லை. தேவர்களே வெறுப்படைந்து, ஹெர்மிஸை விட்டுப் பிணத்தைத் திருடிவிடலாமா என்று பேசுகிறார்கள். ஜீயஸ் வேண்டாம் என்கிறான். திருட்டுப் போனால் அக்கிலீஸுக்கு எந்தப் பெருமையும் இல்லை. அவனாகவே ஈடு பெற்றுக்கொண்டு உடலைக் கொடுக்கட்டும், அதுதான் நான் அவனுக்குத் தரும் பெருமை என்று தெதிஸிடம் சொல்கிறான். எடுப்பதில் மட்டும் இருந்த பெருமை, கொடுப்பதிலும் இருக்கிறது என்று ஜீயஸின் வாயால் வருகிறது.

இரவில் ஹெக்டரின் தந்தை, டிராய் அரசர் பிரையம் வருகிறார். தன் மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப் பார் என்கிறார். முதல் படலத்தில் ஒரு கிழத்தந்தை பிள்ளையை மீட்கப் பொருளோடு வந்தார், விரட்டப்பட்டார். கடைசிப் படலத்தில் இன்னொரு கிழத்தந்தை வருகிறார், உள்ளே விடப்படுகிறார். அக்கிலீஸ் புதிய மனிதனாகிவிட்டான் என்று இதைப் பெரிதாக்கிவிடக் கூடாது. பிணத்தைப் பிரையமின் கண் படாத இடத்தில் கழுவச் சொல்கிறான். பார்த்தால் கிழவர் கோபத்தை அடக்க முடியாமல் ஏதாவது சொல்லிவிடலாம், அப்போது தானும் அவரைக் கொன்றுவிடக் கூடும் என்று அவனுக்கே பயம். ஈட்டுப்பொருளை வாங்கிக்கொண்டதும் பாட்ரோக்ளஸை விளித்து, கோபித்துக்கொள்ளாதே, ஈடு குறைவானதில்லை, உன் பங்கை உனக்குத் தருவேன் என்கிறான். பங்கு என்ற பேச்சை அவன் கடைசிவரை விடவில்லை. செத்தவனுக்கும் பங்கு உண்டு, எதிரியின் தந்தைக்கும் மரியாதை உண்டு என்று அதன் எல்லை மட்டும் விரிந்திருக்கிறது.

ஒடிசியில், பாதாளத்தில் ஒடிசியஸ் அக்கிலீஸின் ஆவியைச் சந்திக்கும் இடம் அடிக்கடி மேற்கோளாகக் காட்டப்படுகிறது. செத்தவர் அனைவருக்கும் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலியாளாக உயிரோடு இருப்பதே மேல் என்று அவன் சொல்கிறான். புகழைத் தேர்ந்தெடுத்தவனே அதைக் கைவிட்டுவிட்டான் என்று இதை வைத்து முடிவு கட்டுகிறார்கள். அடுத்து அவன் என்ன பேசுகிறான் என்பதையும் படிக்க வேண்டும். என் மகன் போரில் முன்னணியில் நின்றானா? என் தந்தை பெலேயுஸுக்கு எங்கள் மக்களிடையே இன்னும் மரியாதை இருக்கிறதா, மூப்பினால் அவமதிக்கிறார்களா? அதே மூச்சில் இவற்றையும் கேட்கிறான். மகனின் புகழ், தந்தையின் மரியாதை. கூலியாளாகப் பிழைத்தாலும் போதும் என்றவனுக்கு அறிய வேண்டியிருந்தது இந்த இரண்டும்தான். மகன் நியோப்டோலெமஸ் டிராயில் எப்படிப் போரிட்டான் என்று ஒடிசியஸ் விரிவாகச் சொல்கிறான். அக்கிலீஸ் மகிழ்ந்து, நீண்ட எட்டுகள் வைத்து நடந்து போகிறான். பெலேயுஸைப் பற்றி மட்டும் ஒடிசியஸுக்கு எந்தச் செய்தியும் தெரிந்திருக்கவில்லை.